தறியும் அவையும்

நெய்வோர் கையில் இருப்பதையும் கற்போர் கையில் இருப்பதையும் 'நூல்' என்னும் ஒரே சொல்லால் குறித்த மொழி நம்முடையது. நன்னூற் பாயிரம் இவ்வொப்புமையை உறுப்பு உறுப்பாக விரித்துக் காட்டுகிறது. சொல் பஞ்சு, புலவன் நூற்கும் பெண், அவன் வாய் அவள் கை, அவன் மதி கதிர். அதே பாயிரம் மரத்தின் கோணலைக் காட்டும் தச்சனின் நூலையும் அடுத்து நினைவூட்டுகிறது. நூற்ற நூல் ஆடையாகிறது. பிடித்த நூல் கோணலைக் காட்டுகிறது. செய்தலும் திருத்தலும் ஒரு சொல்லுக்குள்ளேயே அடங்கிவிட்டன.

நம் வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில் இவ்விரண்டாம் பொருளைப் பற்றிச் சில செய்திகளைத் தொகுத்துரைக்க விழைகிறேன். செய்தவனிடம் பிழையைச் சொல்வதும், சொன்னதைச் செய்தவன் ஏற்பதும் நம் கைவினைஞரிடையிலும் புலவரிடையிலும் எவ்வாறு நடந்தன என்பதே வினா. இதற்குத் திருத்தணி பொருத்தமான நிலைக்களம். பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம், பள்ளிப்பட்டு, ஆர்.கே. பேட்டை எனத் தறியோசையால் அறியப்பட்ட ஊர்கள் இம்மலையைச் சூழ்ந்திருக்கின்றன. ஒரு புராணத்தையும் ஒரு புலவர் பரம்பரையையும் இவ்வூர் தமிழுக்குத் தந்திருக்கிறது. சூரனொடு பொருத சினம் தணிந்து முருகன் அமர்ந்த இடம் என்பது தலப்பெயருக்கு வழங்கும் விளக்கம். பிழை சொல்லப் புகுவோர்க்கும் கேட்க அமர்வோர்க்கும் இவ்விளக்கம் பயன்படக்கூடியதே.

முதலில் தறியைப் பார்ப்போம். நெசவாளர் தெருவில் பாவுக்குக் கஞ்சி போடும் காட்சியை விடியற்காலையில் கண்டவர் இம்மலரைப் படிப்போரிடையே பலர் இருப்பர். பாவினைத் தெருவின் நீளத்துக்கு விரித்துக் கட்டிக் கஞ்சி தோய்த்துக் குச்சங்களால் நீவி வெயில் ஏறுமுன் உலர்த்த வேண்டும். ஒரு குடும்பத்தின் கைகள் அதற்குப் போதா. அண்டை வீட்டார் வந்து கை கொடுப்பர். நாளை அவர்கள் பாவுக்கு இவர்கள் போவார்கள். இழை அறுந்த இடத்தை யார் கண்டாலும் அவரே முடிந்துவிடுவார். இழைகள் ஒட்டிக்கொண்ட இடத்தையும் கஞ்சி கனத்த இடத்தையும் அங்கேயே சொல்லிவிடுவார். ஆங்கு எவரும் எவர்க்கும் விமரிசகர் அல்லர். ஆயினும் ஒருவருடைய பாவு ஊரார் கண்ணில் படாமல் தறிக்கு ஏறுவதில்லை.

இதன் அருமை தறியின் இயல்பை அறிந்தார்க்கே விளங்கும். பாவில் ஓர் இழை விட்டுப்போனால் அக்குறை துணியின் ஓர் இடத்தில் நில்லாது; முடியும் வரை நீளவாட்டில் கோடாக ஓடும். ஊடையில் நேரும் பிழை குறுக்கே ஓர் அடியோடு முடிந்துவிடும். கண்டவுடன் பிரித்து மறுபடி அடிக்கலாம். ஆகவே எப்பிழையை எப்போது சொல்வது என்பது நெசவில் முதன்மையான அறிவு. பாவின் பிழையைத் துணி அறுத்தபின் சொல்பவனால் யாருக்கும் பயனில்லை. விலை குறைவதற்கு மட்டும் அது காரணமாகும். கவிதையிலும் பாவுப் பிழை, ஊடைப் பிழை என இரண்டு உண்டு என்பது என் கருத்து. நம்மிடையே ஊடைப் பிழையை, அதாவது ஒரு சொல்லையோ ஒரு சந்தியையோ, அச்சேறியபின் எடுத்துச் சொல்வோர் பலர். பாவு தெருவில் கிடக்கும்போது வந்து நிற்போர் சிலரே.

நன்னூலார் நூற்குற்றம் பத்து என வகுத்ததைத் தமிழ் கற்ற எவரும் அறிவர். குன்றக் கூறல், மிகைபடக் கூறல் இரண்டும் நெசவாளிக்குச் சொல்லாமலே விளங்கும். இழை குறைந்தால் துணி சல்லடையாகும். மிகுந்தால் விறைத்துப் போகும். சென்று தேய்ந்து இறுதல் என்னும் குற்றமோ தறியில் அமர்ந்து கண்டு பெயரிட்டது போலவே இருக்கிறது. தொடக்கத்தில் அடி இறுக்கமாகவும், கை சோர்ந்தபின் தளர்ந்தும் நெய்த துணியை முந்தானையிலிருந்து தடவிப் பார்த்தே சொல்லிவிடலாம். பவணந்தியார் குற்றங்களோடு நிறுத்தவில்லை; பத்து அழகும் உடன் வகுத்தார். குற்றத்தைப் பெயரிட்டு அழைக்கத் தெரிந்த அவையில் வசைக்கு வேலை குறைவு. பெயர் இல்லாத இடத்தில்தான் 'நன்றாக இல்லை' என்னும் பொதுச்சொல் புகுந்து ஆளைச் சுடுகிறது.

பிழை காண்பதில் ஆதாயம் உடையவன் நடுவனாக அமர்ந்த கதையும் நெசவின் வரலாற்றில் உண்டு. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் சென்னைக் கோட்டையிலிருந்த ஆங்கிலக் கும்பினியார் தொண்டை மண்டலத்து நெசவாளர்க்கு முன்பணம் தந்து துணி வாங்கினர். வந்த துணியை மாதிரித் துணியோடு ஒப்பிட்டு நீளம், அகலம், இழை நெருக்கம் நோக்கித் தரம் பிரித்தனர். தரம் தாழ்ந்தால் விலை தாழும்; இன்றேல் துணி திரும்பும். அளவுகோல் என்ற வகையில் அதில் தவறில்லை. ஆனால் குறை காணுந்தோறும் கண்டவனுக்கே இலாபம் என்னும் ஏற்பாட்டில் குறை எவ்வாறு குறையும்? நெசவாளர் கும்பினியாரோடு மீண்டும் மீண்டும் பிணங்கியதற்கு இத்தரம்பிரிப்பும் ஒரு காரணம்.

பின்னாளில் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. 1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் அச்சங்கங்களுக்குத் தலைமை நிறுவனம். அங்கும் துணியை விரித்து, எடை போட்டு, பூதக்கண்ணாடி வைத்து இழை எண்ணிக் குறைக்குக் கூலியில் பிடித்தம் செய்யும் வழக்கம் உண்டு. ஆயினும் சங்கம் உறுப்பினருடையது. நெய்தவன் கேள்வி கேட்கலாம். 1956இல் சென்னையில் அமைந்த நெசவாளர் சேவை மையம் போன்றவற்றில் ஓவியரும் நெசவாளியும் அருகருகே அமர்ந்து ஒரு வடிவத்தைத் தறிக்கு ஏற்றினர். காகிதத்தில் அழகாயிருக்கும் வளைவு தறியில் ஏன் வாராது என்று நெசவாளி சொல்ல, ஓவியர் கோட்டை மாற்றுவதும் அங்கே நிகழும் திருத்தந்தான். அறிவுரை ஒருவழிப் பாதையாக இல்லாத இடம் அது.

இடையே ஒரு வேடிக்கை. 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் மதராஸ் கட்டம் போட்ட பருத்தித் துணி அமெரிக்காவில் சட்டையாயிற்று. துவைத்தால் சாயம் ஓடியது. வாங்கியவர் குறை கூறினர். வணிகரோ சாயம் ஓடுவதே இத்துணியின் சிறப்பு, ஒவ்வொரு சலவைக்கும் ஒரு புது நிறம் என்று விளம்பரம் செய்து விற்றுத் தீர்த்தனர். குறையைத் திருத்தாமல் பெயரை மாற்றிக்கொள்ளும் இவ்வித்தை கைவினைஞருக்கு மட்டும் உரியதன்று. புரியாத கவிதைக்கு 'இருண்மை' என்று பெயர் சூட்டி விற்ற காலத்தை நம்மில் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள்.

இனி அவைக்கு வருவோம். சங்கப் புலவர் பெயர்களை நோக்குங்கால் தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார், மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், கூலவாணிகன் சாத்தனார் எனத் தொழிற்பெயர்கள் நிரம்பக் காண்கிறோம். இறைவன் பாட்டிலேயே பொருட்குற்றம் கண்டதாகத் திருவிளையாடற் கதை போற்றும் நக்கீரரைச் சங்கறுக்கும் மரபினர் என்றே வழக்கு சொல்லும். பிழை பொறாமையின் பெருந்தெய்வமாக நாம் வைத்து வணங்குபவர் ஒரு கைவினைஞர் மரபினர் என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. சங்கை அறுப்பவனுக்கு அரத்தின் ஒரு வழுக்கலுக்கும் வளையல் தப்பாது. அக்கண்டிப்பைச் சொல்லிலும் அவர் எதிர்பார்த்தார் போலும்.

நக்கீரர் பெயரோடு இணைந்த இன்னொரு கதையை நான் பெரிதும் விரும்புகிறேன். இறையனார் அகப்பொருளுக்குப் புலவர் பலர் உரை கண்டனர். எது மெய்யுரை என்னும் பூசல் எழுந்தது. ஊமைப் பிள்ளையாகிய உருத்திரசன்மனை நடுவனாக அமர்த்தினர். பிறர் உரைத்தபோது அவன் வாளா இருந்தான். மருதனிளநாகனார் உரைத்தபோது சில இடங்களில் மெய்சிலிர்த்தான். நக்கீரனார் உரைத்தபோது சொல்தோறும் கண்ணீர் வார்த்தான். இஃது அவ்வுரையிலேயே உள்ள செய்தி. தோற்ற புலவர் எவரையும் அவன் பழிக்கவில்லை. எந்த இடம் உயிருள்ளது என்பதை மட்டும் காட்டினான். மருதனிளநாகனார் அன்று வீடு திரும்பித் தம் உரையில் எவ்விடங்கள் சிலிர்க்கவைத்தன, எவை வைக்கவில்லை என்று எண்ணியிருப்பார் அல்லரோ? அவர்க்கு அதனினும் பயனுள்ள விமரிசனம் வேறு ஏது?

இதற்கு நேர்மாறான மரபும் தமிழில் செழித்தே இருந்தது. பிழைபடப் பாடுவோரைக் குட்டப் பிள்ளைப்பாண்டியனும், செவியறுக்க வில்லிபுத்தூராரும், தலையை வெட்ட ஒட்டக்கூத்தரும் இல்லாமற் போனாரே என்று ஏங்குகிறது பிற்காலத் தனிப்பாடல் ஒன்று. மூவருள் ஒட்டக்கூத்தர் 12ஆம் நூற்றாண்டில் சோழர் மூவர்க்கு அவைப்புலவர். நெசவைத் தொழிலாகக் கொண்ட செங்குந்தர் மரபினர் என்பது வழக்கு. கவிராட்சசர் என்று பெயரும் பெற்றார். கதைகள் உண்மையோ பொய்யோ, நம்மவர் அவற்றை விரும்பிச் சொல்லி வந்தனர் என்பது உண்மை. தலை போகும் என்றால்தான் கவிதை திருந்தும் என்னும் நம்பிக்கை அவற்றின் அடியில் கிடக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. செவியறுந்த புலவன் அடுத்த பாட்டை நன்றாகப் பாடினான் என்று எந்தக் கதையும் சொல்லக் காணோம்.

அச்செவியறுக்கும் கருவியைத் தணித்தவர் தணிகை முருகனைப் பலகாலும் பாடிய அருணகிரியார். வில்லிபுத்தூராரோடு வாதில் ஏறிக் கந்தரந்தாதி பாட, 'த' என்னும் எழுத்தின் வருக்கமே நிரம்பிய ஒரு செய்யுளுக்கு வில்லியார் பொருள் சொல்ல மாட்டாது நின்றார் என்பது கதை. ஒப்பந்தப்படி அறுக்க வேண்டியது வில்லியாரின் செவி. அருணகிரியார் அதை அறுக்கவில்லை. அக்கொடிய வழக்கத்தையே அன்றோடு ஒழிக்கச் செய்தார் என்பர். 'கருணைக்கு அருணகிரி' என்னும் பெயர் அதனால் வந்தது. வென்றவன் வெட்டாமல் விட்டதனால் தோற்றவரின் பாரதம் ஒன்றும் குறைந்துவிடவில்லை, இன்றும் படிக்கிறோம்.

முருகனே பதிப்பாசிரியனாய் அமர்ந்த கதையும் ஒன்று உண்டு. காஞ்சிக் குமரகோட்டத்து அருச்சகர் கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணப் பாடல்களைப் பகலில் எழுதி இரவில் சந்நிதியில் வைத்துச் செல்வார். காலையில் திருத்தங்களோடு காண்பார். இரவில், தனிமையில், ஏட்டின் ஓரத்தில் நிகழ்ந்த திருத்தம்! ஆயினும் அரங்கேற்றத்தில் முதற்சொல்லிலேயே தடை எழுந்தது. 'திகழ்', 'தச' என்பன புணர்ந்து 'திகட' என்றாவதற்கு விதி எங்கே என்றார் ஒருவர். வீரசோழியத்திலிருந்து விதி காட்டப்பட்ட பின்னரே நூல் மேற்சென்றது என்பது செவிவழி வரலாறு. தெய்வம் அடியெடுத்துத் தந்ததாயினும் அவை கேள்வி கேட்டது. நூலாசிரியரும் விதி காட்டக் கடமைப்பட்டார். அரங்கேற்றம் என்னும் நிறுவனத்தின் உயிர்நாடி இதில் இருக்கிறது. பாவு தெருவில் விரிந்திருப்பது போல் நூல் அவையில் விரிந்திருக்க, ஏடு நாடெங்கும் பரவுமுன் பிழை சொல்ல அது வாய்ப்பளித்தது.

திருத்தணியின் சொந்தப் புலவர் இன்னொரு கச்சியப்பர். திருவாவடுதுறை ஆதீனத்துக் கச்சியப்ப முனிவர். 1790இல் காஞ்சியில் மறைந்தவர். தணிகைப் புராணமும் திருத்தணிகை ஆற்றுப்படையும் அவர் இவ்வூருக்குச் செய்த கொடை. அவருடைய ஆசிரியர் 1785இல் மறைந்த மாதவச் சிவஞான முனிவர். பிழை சொல்வதில் அவரினும் வல்லவரைத் தமிழுலகம் கண்டதில்லை. திருவாரூர் வைத்தியநாத தேசிகர் 17ஆம் நூற்றாண்டில் செய்த இலக்கண விளக்கத்தைக் 'குட்டித் தொல்காப்பியம்' என்றே புலவர் போற்றினர். சிவஞானர் அதன்மீது 'இலக்கண விளக்கச் சூறாவளி' எழுதினார். பெயரே நோக்கத்தைச் சொல்லிவிடுகிறது. கம்பராமாயணத்து முதற்செய்யுளையும் அவருடைய தருக்கம் விட்டுவைக்கவில்லை.

அதே சிவஞானர் செய்த வேறொரு செயலை நான் இதனினும் மேலாகக் கருதுகிறேன். திருநெல்வேலிச் சங்கர நமச்சிவாயர் நன்னூலுக்கு ஒரு விருத்தியுரை எழுதியிருந்தார். சிவஞானர் அதிலும் பிழை கண்டார். இம்முறை சூறாவளி எழவில்லை. அவ்வுரையின் உள்ளேயே புகுந்து, வேண்டாத இடத்தை நீக்கி, குறைந்த இடத்தில் சேர்த்து, மாறிய இடத்தைத் திருத்திப் 'புத்தம்புத்துரை' ஆக்கினார். அறுந்த இழையைக் கண்டவரே முடிந்துவிடும் பாவுத் தெருவின் வழக்கம் இது. இலக்கண விளக்கத்தின் ஆசிரியர் புயலில் அகப்பட்டவராய் நிற்கிறார். சங்கர நமச்சிவாயரோ திருத்திய உரையிலும் தம் பெயரோடு வாழ்கிறார். கண்கள் அதே கண்கள். இலக்கணப் புலமையும் அதுவே. எழுதுகோல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதே வேற்றுமை. சூறாவளியால் நன்மையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அதைப் படித்து இலக்கணம் கூர்மையடைந்தவர் உண்டு. ஆனால் அதற்குக் காரணமானவர் காலத்தால் முந்தியவர். விடைசொல்ல அவர் அவையில் இல்லை.

கச்சியப்ப முனிவர் இத்தகைய ஆசிரியரிடம் பயின்றார். ஆசிரியர் காஞ்சிப் புராணத்தின் முதற்காண்டம் பாட, மாணவர் இரண்டாங்காண்டம் பாடினார். ஒரே பாவில் இருவர் நெய்வது போன்ற செயல் இது. இருவர் கையும் ஒத்திருந்தாலன்றி ஒட்டு தெரிந்துவிடும். தணிகைப் புராணத்தின் சொற்செறிவையும், களவுப் படலத்தில் வள்ளி கதையை அகத்துறைகளுக்குள் அவர் அடக்கிக் காட்டும் திறத்தையும் நோக்குவோர், கேள்விக்கு விடை ஆயத்தமாக வைத்துக்கொண்டே பாடிய புலவரின் எச்சரிக்கையை உணரலாம். அவ்வெச்சரிக்கை சில இடங்களில் நூலை இறுக்கியும் விட்டது. பொது வாசகர் அப்புராணத்தை அஞ்சுவதற்கு அது காரணம். கண்டிப்பான அவையின் விலை அதுவெனலாம்.

பின்னர் அரங்கேற்றம் மெல்ல மெல்ல மாறிற்று. 19ஆம் நூற்றாண்டில் தலபுராணங்கள் பெருகப் பெருக, தடை எழுப்பும் அவை பொன்னாடை போர்த்தும் விழாவாயிற்று. சிறப்புப்பாயிரம் தரத் தகுந்தவர் ஆசிரியர், உடன்பயின்றார், மாணாக்கர், உரைகாரர் என நன்னூல் வரையறுத்திருந்தது. அதாவது செய்தவனையும் செய்த விதத்தையும் அருகிருந்து அறிந்தவர்கள். அச்சு வந்தபின் நூலின் முகப்பில் பலருடைய சாற்றுகவிகள் அணிவகுத்தன. நூலைக் காணாமலே பாடியவரும் இருந்திருப்பர் என ஐயுற இடமுண்டு. புகழ் அச்சில் ஏற, பிழை சொல்வது தனியே துண்டு வெளியீடுகளுக்குப் போயிற்று.

1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையருக்கும் அது வாய்த்தது. பிழைகளைப் பெரிதாக்கித் துண்டு நூல்கள் வெளிவந்தன. விடையெழுத முனைந்த ஐயரைச் சாது சேஷையர் தடுத்தார். பூசலுக்குச் செலவாகும் பொழுது அடுத்த நூலுக்கு ஆகட்டும் என்பது அவர் கூறியதன் சாரம். ஐயர் தம் வரலாற்றில் இப்பகுதிக்கு இட்ட தலைப்பும் 'கண்டனப் புயல்' என்பதே. சூறாவளி, புயல் எனக் காற்றின் பெயராலேயே நம்மவர் விமரிசனத்தை அறிந்திருக்கிறார்கள்! ஐயர் பூசலிடவில்லை, திருத்தத்தை நிறுத்தவுமில்லை. மேலும் பல ஏடுகளை ஒப்புநோக்கிச் சிந்தாமணியை 1907இல் மறுபடி வெளியிட்டார். இரண்டு பதிப்புகளையும் அருகில் வைத்துப் பார்ப்பவர், தொழிலறிந்தவன் விடை சொல்லும் முறை எது என்று காணலாம்.

திருத்தணிப் பரம்பரை அச்சுக்காலத்துக்குள்ளும் தொடர்ந்தது. கச்சியப்ப முனிவரின் மாணாக்கர் இவ்வூர்க் கந்தப்பையர். அவர் மக்கள் விசாகப்பெருமாளையரும் சரவணப்பெருமாளையரும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சென்னைக்குச் சென்று தமிழ் கற்பித்தனர், நூல்களைப் பதிப்பித்தனர். விசாகப்பெருமாளையர் நன்னூலுக்கு மாணவர் விரும்பும் எளிய காண்டிகையுரை செய்தார். சரவணப்பெருமாளையர் திருக்குறளைப் பதிப்பித்ததோடு திருவள்ளுவமாலைக்கு உரையும் கண்டார். சிவஞானர் உள்ளே புகுந்து திருத்திய அதே நன்னூல் உரைமரபு, மூன்று தலைமுறைக்குப் பின் தணிகை மகன் ஒருவர் கையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு எட்டும் நூலாயிற்று.

அக்காலப் புத்தகங்களின் முகப்பேட்டில் இன்னாரால் 'பரிசோதிக்கப்பட்டு' அச்சிடப்பட்டது என்னும் தொடரைக் காணலாம். இன்று நாம் பதிப்பித்தல் என்பதை அவர்கள் சோதித்தல் என்றார்கள். அப்புத்தகங்கள் பலவற்றின் இறுதியில் ஒரு பட்டி இருக்கும்: பக்கம், வரி, பிழை, திருத்தம். அதை எடுத்து வைத்துக்கொண்டு, படிக்கத் தொடங்குமுன் மைக்கோலால் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்ட வாசகர்களின் கையெழுத்தை, பழைய படிகளின் ஓரங்களில் இன்றும் பார்க்க முடிகிறது.